46 வீட்டுத் தெருவுக்காக எப்படி ஜெபிப்பது?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு குறுக்குத் தெருவில் குடியிருக்கிறோம். அடுக்குமாடிகளையும் சேர்த்து 46 வீடுகள். கிறிஸ்தவர்கள் மூன்றே வீடு. எங்கள் தெருவுக்காகவும் பகுதிக்காகவும் ஜெபிக்கவேண்டும் என்ற பாரத்தோடு புதன்கிழமை மாலை என் வீட்டில் கூடுகிறோம். பக்கத்துத் தெருக்காரர்களையும் சேர்த்து முதலில் பதினொரு பேர் வந்தார்கள். இப்போது நாலைந்து பேர்தான். 'எங்கள் தெருவை ஆசீர்வதியும் ஆண்டவரே' என்பதைத் தாண்டி என்ன சொல்வதென்று தெரியவில்லை. பத்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துபோகிறது. இதற்கிடையில், மூன்று வீடு தள்ளியிருக்கும் ஒரு பெண்ணின் குடும்பப் பிரச்சினையை ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அது அவர் காதுக்கே போய்விட்டது. இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 'மதம் மாற்றத்தான் கூடுகிறார்கள்' என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. தெருவில் நடந்துகொண்டே ஜெபிக்கலாம் என்கிறார் எங்களில் ஒருவர். செய்யலாமா? என் எட்டு வயதுப் பேத்தி தெருநாய்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறாள், பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அதையும் கேட்டுவிடுகிறேன்.
— ஒரு வாசகி

பதில்: அன்பான சகோதரிக்கு ஸ்தோத்திரம். நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, அந்தப் பெண்ணின் மனவருத்தத்திலிருந்து தொடங்குகிறேன். அதைச் சரிசெய்யாமல் உங்கள் கூட்டத்தில் வேறு எதைச் சீர்படுத்தினாலும் நிற்காது.

அவரைப் பார்க்க நீங்கள் ஒருவர் மட்டும் போங்கள். நாலு பேராகப் போனால் அதுவும் ஒரு கூட்டமாகிவிடும். பைபிள், பழம், ஸ்வீட் பாக்ஸ் எதுவும் கையில் வேண்டாம். அவர் வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலில் நின்றே பேசுங்கள். 'உங்க விஷயத்தை உங்களைக் கேக்காம நாலு பேருகிட்ட சொல்லிட்டேன். என் தப்புதான். குழுவுல இருந்து எடுத்தாச்சு. இனிமே எங்ககிட்ட அந்தப் பேச்சு வராது.' இவ்வளவு போதும். 'ஜெபிக்கத்தானேம்மா சொன்னோம்' என்று ஒரு வரி சேர்த்தால் மன்னிப்பு அங்கேயே வாதமாக மாறும். 'உங்களுக்காக ஜெபிச்சிட்டுதான் இருக்கோம்' என்பதும் அன்றைக்கு வேண்டாம். இன்னும் பத்து பேர் தன் கதையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அவருக்குக் கேட்கும். போகுமுன் குழுவில் அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். எல்லோருடைய போனிலிருந்தும் ஒருசேர அழிக்கும் வசதி சில நாள்களுக்குத்தான் இருக்கும். அது கடந்திருந்தால் குழுவிலுள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அழிக்க வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து.

இது உங்கள் கூட்டத்தின் தனிக்குறை அல்ல. ஜெபக்குறிப்பு என்கிற வடிவத்திலேயே இந்தச் சறுக்கல் இருக்கிறது. மற்ற நேரத்தில் அடுத்த வீட்டுச் சண்டையைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள்கூட, 'ஜெபிக்கத்தான் சொல்றேன்' என்று தொடங்கினால் தாராளமாகப் பேசிவிடுவார்கள். கேட்கிறவர்களும் ஜெபிப்பதற்காகவே கூடுதல் விவரம் கேட்பார்கள். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு கடன், மாமியார் என்ன சொன்னார் என்று அது போய்க்கொண்டே இருக்கும். கடவுளுக்கு இந்த விவரம் தேவையில்லை. ஆகவே ஒரே ஒரு விதி வையுங்கள். தன் பாரத்தைத் தானே சொல்லலாம். பிறர் பாரத்தைச் சொல்லுகிறவரிடம் உடனே கேட்கவேண்டிய கேள்வி: 'அவங்களைக் கேட்டீங்களா?' கேட்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தி, 'வீட்டுக்குள் நிம்மதியில்லாமல் இருக்கிறவர்களுக்காக' என்று பொதுவாக ஜெபித்துவிடுங்கள். பெயரைச் சொல்லாமல் 'மாடி வீட்டுப் பெண்', 'மூணாவது வீடு' என்று சொல்வது மறைப்பது ஆகாது. 46 வீட்டுத் தெருவில் அது விலாசம்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றோ, ஒரு பெண் அடி வாங்குகிறாள் என்றோ தெரியவந்தால் அதை ஜெபக்குறிப்பாக நோட்டில் எழுதி மூடிவைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. 'ஜெபத்தில் வைத்திருக்கிறோம்' என்பது அங்கே செல்லாது. உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னாலும் இப்படித்தான். அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டில் நம்பகமான ஒருவருக்குத் தெரியப்படுத்துங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஜெபம் அதற்குக் கூடவே நடக்கட்டும்.

இனி, பத்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துபோவதற்கு வருவோம். பக்தி குறைந்துவிட்டதோ என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அது அல்ல, தகவல் இல்லை. நாம் குடியிருக்கிற தெருவை நாம் வெளியே போகும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் மட்டுமே பார்க்கிறோம். மற்ற நேரத்தில் அந்தத் தெரு என்ன செய்கிறது என்பது தெரியாது. தெரியாத தெருவுக்கு 'ஆசீர்வதியும்' என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

எனவே இரண்டு வாரம் ஜெபக்கூட்டத்தை நிறுத்திவிட்டு, தெருவைப் பாருங்கள். நான்கு வெவ்வேறு நேரங்களில் தலா இருபது நிமிடம், இரண்டு பேர் இரண்டு பேராக நடந்தால் போதும். விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் பால் பாக்கெட் போடுகிறவர், குப்பை வண்டி தள்ளிவரும் தூய்மைப் பணியாளர்கள், இரவு ஷிஃப்ட் முடிந்து கேப்பில் வந்து இறங்கும் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன், ஆட்டோவில் அடைந்து போகும் குழந்தைகள். பிற்பகல் இரண்டரைக்குத் தெரு வெறிச்சோடியிருக்கும். தனியாக இருக்கும் முதியவர்கள் யார் என்பது அப்போதுதான் தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில், கீழ்வீட்டில் இருவர் மட்டும் என்று எத்தனை வீடு! இரவு ஒன்பதரைக்கு டியூஷன் முடிந்து வருகிறவர்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள், எரியாத விளக்குக் கம்பத்தடியில் வேகம் கூட்டி நடக்கும் பெண்கள். ஒரு ஏ4 தாளில் தெருவின் படம் வரைந்து, டிரான்ஸ்ஃபார்மர், அங்கன்வாடி, இஸ்திரி வண்டி, ரேஷன் கடை, மழைநீர் தேங்கும் இடம், மூடியில்லாத வடிகால் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு எண்களைப் போட்டு அதில் இருப்பவர்களின் கதையை எழுதாதீர்கள். அந்தத் தாள் ஒருநாள் கீழே விழுந்து வேறு ஒருவர் கையில் கிடைத்தாலும் யாருக்கும் தலைகுனிவு வரக்கூடாது, அதுதான் அளவு.

இப்படிப் பார்த்தவுடன் இன்னொன்றும் புரியும். தெருவுக்காக ஜெபிக்கிறோம் என்கிற நம் பட்டியலில் சொந்த வீட்டுக்காரர்களே நிறைந்திருப்பார்கள். தெருவை நடத்துகிறவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். கேன் தண்ணீர் போடும் தம்பி, இஸ்திரிக்காரர், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா, கட்டடம் எழும்புகிற மனையில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிற பீகார், ஒடிசா தொழிலாளிகள், அடுக்குமாடி வாட்ச்மேன். இவர்களில் ஐந்து பேரின் பெயராவது உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். 'அண்ணே, உங்க பேரு என்ன?' என்று கேட்க மறைமுக நோக்கம் எதுவும் தேவையில்லை.

கூட்டம் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு ஒரு வடிவம் சொல்கிறேன். மொத்தம் நாற்பது நிமிடம். நான்கிலிருந்து ஏழு பேர் போதும். எட்டுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். ஆள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் வாய் திறக்கும் நேரம் குறையும், நன்றாக ஜெபிக்கத் தெரிந்த இரண்டு பேர் மட்டும் நீளமாக ஜெபிப்பார்கள், மற்றவர்கள் 'ஆமென்' சொல்லிவிட்டுப் போவார்கள். உங்கள் பதினொரு பேர் ஐந்தானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் ஐந்து நிமிடம் ஒரு சங்கீதமும் சற்று மௌனமும். அடுத்த ஐந்து நிமிடம் போன வாரக் குறிப்புகளில் என்ன நடந்தது என்று பார்த்து நன்றி சொல்லுங்கள். அதன்பின் இருபத்தைந்து நிமிடம் விண்ணப்பம். கடைசி ஐந்து நிமிடத்தில், இந்த வாரம் யார் எதைச் செய்யப்போகிறார் என்று பேசிக்கொண்டு, கர்த்தருடைய ஜெபத்தோடு முடித்துவிடுங்கள்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் ஆறேழு குறிப்புகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒருவர் ஒரு குறிப்பு, மூன்று வாக்கியத்துக்குள். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து 'கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்' என்று சொல்லி, அரை நிமிடம் அமைதி. சபையில் லித்தானியா, அதாவது ஒருவர் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லும் மன்றாட்டு, சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வாய் திறக்கத் தயங்குகிறவரும் இதில் பங்குபெற முடியும். மூன்று வாக்கியத்தில் என்ன சொல்லலாம் என்றால், இப்படி: 'ஆண்டவரே, இந்தத் தெருவில் தினமும் குப்பை அள்ளுகிறவர்களுக்காக ஜெபிக்கிறோம். கண்ணாடித் துண்டும் ஊசியும் அவர்கள் கையைக் கிழிக்காமல் காத்தருளும். குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை எங்கள் வீடுகளுக்குத் தாரும்.' ஜெபத்தில் ஆள் இருக்கிறார், ஆபத்து இருக்கிறது, ஜெபிக்கிறவருக்கு ஒரு வேலையும் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் அடுத்த வாரம் சொல்ல வார்த்தையைத் தேடவேண்டி இருக்காது.

நாள்களைப் பங்கிட்டு வீட்டிலும் ஜெபிக்கலாம். திங்கள் தெருவில் உழைக்கிறவர்கள், செவ்வாய் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும், வியாழன் நோயாளிகளும் முதியவர்களும், வெள்ளி கவுன்சிலர், வார்டு அலுவலர்கள், காவல் நிலையம், மின்வாரிய லைன்மேன். அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லுகிறது தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபம் (2:1-2). அதில் நாம் ஓட்டுப் போட்டவர், போடாதவர் என்ற பிரிவு இல்லை. கவுன்சிலர் வேறு கட்சி என்பதால் அந்த வெள்ளிக்கிழமை சில வீடுகளில் சுருங்கிப்போவதுண்டு!

நேரம் பற்றி ஒரு வார்த்தை. புதன் ஆறரைக்குத் தொடங்கி ஏழு பத்துக்கு முடிப்போம் என்றால் ஏழு பத்துக்கு முடியுங்கள். ஒருவர் பாட்டில் இறங்கிவிட்டார் என்பதற்காக எட்டு மணிவரை இழுத்தால், அடுத்த வாரம் அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவர் வரமாட்டார். சிற்றுண்டியை நிறுத்துங்கள். முதல் வாரம் டீ பிஸ்கெட்டில் தொடங்கும், நாலாம் வாரம் கேசரி பஜ்ஜியாகும், ஆறாம் வாரம் 'எங்க வீட்ல இப்ப முடியாது' என்று ஒருவர் ஒதுங்குவார். பணம் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் மட்டும் வையுங்கள். இரண்டு சக்கர வண்டிகளை அடுத்த வீட்டு கேட்டை மறித்து நிறுத்தாதீர்கள். உங்கள் தெருவில் உங்களைப் பற்றிக் கிளம்பிய பேச்சில் பாதி இந்தக் கேட் விவகாரமாகக்கூட இருக்கும், விசாரித்துப் பாருங்கள். மைக், ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு எதுவும் வீட்டு ஜெபத்துக்குத் தேவையில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தடை உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின் வரம்பு. கைதட்டிப் பாடும் எட்டுப் பேர் ஒரு சின்ன ஹாலில் அதை எளிதில் தாண்டுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்காகவும்தானே ஜெபிக்கிறோம்?

அடுத்து ஜெபநடை. செய்யலாம், ஆனால் எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 5ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள வியன் நகரத்தில் நிலநடுக்கமும் தீயும் மக்களைக் கலங்கடித்தபோது, அங்கே ஆயராக இருந்த மாமெர்துஸ், இயேசு பரலோகத்துக்கு ஏறினதை நினைவுகூரும் பரமேறுதல் திருநாளுக்கு முந்தின மூன்று நாளும் ஊரைச் சுற்றி மன்றாட்டுப் பவனி நடத்தினார். அது மேற்கத்தியத் திருச்சபை முழுவதும் பரவி, இங்கிலாந்தில் சபை எல்லையைச் சுற்றிநடந்து வயலுக்காக ஜெபிக்கும் வழக்கமானது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கிராமத்து ஆயராக இருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் இந்த நடைக்கு நான்கு பயன் சொன்னார். வயலின் விளைச்சலுக்குக் கடவுளின் ஆசீர், எல்லைகளைக் காக்கும் நியாயம், சேர்ந்து நடக்கும்போது பழைய மனத்தாங்கல் தீர்ந்து உண்டாகும் அன்பு, ஏழைகளுக்குச் செய்யும் உதவி. நான்கில் மூன்று, நடக்கிறவர்கள் அக்கம்பக்கத்தாரோடு எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றியவை. இதை நினைவில் வைத்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது.

இரண்டு அல்லது மூன்று பேர் போதும். பத்துப் பேர் சேர்ந்து போனால் அது ஊர்வலம். கண்ணைத் திறந்துகொண்டு, நடைப்பயிற்சி செல்கிறவர்களைப் போல, பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் கேட்கும் குரலில். இருபத்தைந்து நிமிடத்தில் ஐந்து இடம். டிரான்ஸ்ஃபார்மர் அருகே லைன்மேன்களுக்காக, அங்கன்வாடி அருகே பிள்ளைகளுக்கும் பணியாளர்களுக்கும், பேருந்து நிறுத்தத்தில் இரவில் தனியே இறங்குகிறவர்களுக்காக, மதுக்கடை வழியில் அந்தக் குடும்பங்களுக்காக, கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரத்தில் நிற்கிறவர்களுக்காக. ஓரிரு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வழியில் எதிர்ப்படுகிறவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். ஒருவர் நின்று பேசினால் ஜெபத்தை விட்டுவிட்டு அவரோடு பேசுங்கள்.

செய்யக்கூடாதவை இருக்கின்றன, அவற்றைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். அடுத்தவர் வீட்டு கேட்டுக்கு எதிரே நின்று கையை உயர்த்தாதீர்கள். மதில்சுவரில் எண்ணெய் பூசாதீர்கள். கோயில், மசூதி வாசலில் நின்று 'பிசாசைக் கட்டுகிறோம், துரத்துகிறோம்' என்று ஜெபிக்காதீர்கள். மெதுவாக ஜெபித்தாலும் வேண்டாம். சண்டை வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தெருவுக்காக ஜெபிப்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் வசனம் எரேமியா 29:7. 'பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்.' அது எந்தப் பட்டணம்? பாபிலோன். எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களின் ஊர், அந்நிய தெய்வங்களின் ஊர். இரண்டே வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடும், திரும்பிவிடலாம் என்று அனனியா என்கிற தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருக்கையில், எழுபது வருஷமாகும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் நலத்துக்காக ஜெபியுங்கள் என்று எரேமியா கடிதம் எழுதுகிறார். அந்த ஊரை எதிர்த்து ஜெபிக்கச் சொல்லவில்லை. அதற்குச் சமாதானமிருந்தால் உங்களுக்கும் சமாதானம் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். ஒரே வடிகால்தானே உங்கள் 46 வீட்டுக்கும்? 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வீடு வீடாகச் சாதி மதம் பார்த்து ஏறவில்லை.

'மதம் மாற்றவா?' என்று கேட்பவர்களுக்கும் இதிலிருந்தே பதில் வருகிறது. ஆனால் பதில் உண்மையாக இருக்கவேண்டும். கூட்டத்தில் 'இந்தத் தெரு முழுவதையும் உமதாக்கிக்கொள்ளும்' என்று ஜெபித்துவிட்டு வெளியே 'சும்மா பொது நலனுக்காகத்தான்' என்று சொன்னால் அது நிற்காது. நீங்கள் என்னென்ன சொல்லி ஜெபிக்கிறீர்களோ அதை யார் கேட்டாலும் திருப்பிச் சொல்லக் கூச்சப்படாத ஜெபமாக இருக்கட்டும். யாராவது கேட்டால், 'வாரம் ஒருநாள் நாங்க நாலஞ்சு பேரு தெருவுக்காகச் சாமி கும்பிடுறோம். போன வாரம் லைட்டு, தண்ணி, பரீட்சை எழுதுற பிள்ளைங்க. நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க' என்று நேராகச் சொல்லுங்கள். வீடு வீடாகப் போய்க் கைப்பிரதி கொடுப்பதும் இந்த ஜெபமும் ஒன்றாகக் கலக்கவேண்டாம். மழைக்காலத்தில் நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் பால் பாக்கெட்டில் வசனச் சீட்டும் வேண்டாம். உதவிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பதாகப் பட்டுவிட்டால், அதன்பின் உங்கள் உதவியை வாங்கவே யோசிப்பார்கள்.

ஒருநாள் இந்து வீட்டு அம்மா ஒருவர் தானாகவே வந்து, 'எம் பையனுக்கு வேண்டிக்கோங்க' என்பார். நம் ஊரில் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போய் வருகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். வேண்டிக்கொள்ளச் சொல்வது இங்கே இயல்பான பழக்கம். அப்போது எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று அவரிடமே கேட்டு, அதற்காக மட்டும், இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். தலையில் கைவைப்பதானால் கேட்டுக்கொண்டு, பெண்களுக்குப் பெண்களே. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், 'குணமாயிடுச்சுன்னு விசுவாசிங்க' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காணிக்கை என்று கையில் எதையாவது திணித்தால் வாங்காதீர்கள். பத்து நாள் கழித்து, 'தம்பி எப்படி இருக்கான்?' என்று கேளுங்கள். ஜெபித்தவர்கள் மறந்துவிடுவதுதான் கேட்டவரை அதிகம் காயப்படுத்துகிறது.

ஜெபத்தோடு வேலையும் என்றேன். எருசலேமின் மதிலைக் கட்டும்போது நெகேமியாவும் கூட இருந்தவர்களும் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, வடிகால் மூடி இல்லை என்றால் மாநகராட்சியின் 1913. மின்தடை, தொங்கும் கம்பி என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. தனியாக வாழும் முதியவர் துன்புறுத்தப்பட்டாலோ கைவிடப்பட்டாலோ 14567. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த புதன்கிழமை பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன், செப்டம்பரிலேயே வடிகால் தூர்வாருவதைக் கேட்டுவிட்டால், டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்று ஜெபிக்கவேண்டியிருக்காது. ஆனால் வாரத்துக்கு ஒரு வேலை, ஒருவர் பொறுப்பு, அவ்வளவுதான். அதைத் தாண்டினால் ஜெபக்கூட்டம் குடியிருப்போர் நலச்சங்கமாகிவிடும். அதற்கு வேறு ஆள்கள் இருக்கிறார்கள். விளக்கு எரிந்ததும் 'எங்க ஜெபத்தாலதான்' என்று தெருவில் சொல்லிக்கொள்ளாதீர்கள். மாடி வீட்டு சாரும் மூன்று முறை போன் போட்டிருப்பார்.

பதில் வராத குறிப்புகளும் இருக்கும். ஒருவர் குடியை விடமாட்டார், ஒரு வீடு விற்றுப்போகும், நீங்கள் மாதக்கணக்காக ஜெபித்த பெரியவர் இறந்துபோவார். நோட்டில் அதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் விடுங்கள், காரணம் கற்பிக்கவேண்டாம். துக்க வீட்டில் ஜெபம் செய்யக் கேட்டாலொழிய செய்யாதீர்கள். நாற்காலி எடுத்துப் போடுவதும், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பதும் அன்றைக்கு நிறைய.

பேத்தி கேட்டது. நினிவேயின் மேல் இரக்கப்படவேண்டிய காரணத்தை யோனாவிடம் சொல்லும்போது கடவுள், இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனுஷரோடு அநேக மிருகஜீவன்களையும் சேர்த்தே கணக்குச் சொல்லுகிறார். அந்தப் புத்தகமே அந்த வார்த்தையோடுதான் முடிகிறது. ஆகவே சிரித்த பெரியவர்களுக்கு யோனா 4:11ஐ அவளையே புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாய்களுக்கான ஜெபத்தை ஒவ்வொரு வாரமும் அவளே சொல்லட்டும். கடிபடும் குழந்தைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாநகராட்சியின் கருத்தடை, தடுப்பூசி வண்டி வராவிட்டால் அதற்கும் 1913தான்.

பன்னிரண்டு வாரம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். யாருக்கு எந்த நாள் ஒத்துவருகிறது, உங்கள் வீட்டிலேயே கூடவேண்டுமா, மற்ற இரண்டு வீட்டிலும் மாற்றி மாற்றி வைக்கலாமா என்று முடிவெடுங்கள். மே மாதம் நிறுத்திவைத்தால் குற்றமில்லை, பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். வராமல் நின்ற ஆறு பேரையும் கூப்பிட்டு, 'ஏன் வரல?' என்று கேட்காமல், 'என்ன மாத்தினா வருவீங்க?' என்று கேளுங்கள்.

குறிப்பு நோட்டு ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் நான்கு கட்டம்: தேதி, குறிப்பு, சம்பந்தப்பட்டவர் சம்மதித்தாரா, யார் என்ன செய்தார். வாட்ஸ்அப் குழுவை நேரம், இடம் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசியில் பழைய நோட்டைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். தெருவில் பட்டாணி மடித்துத் தருகிற தாளில் உங்கள் ஜெபக்குறிப்பு வந்து சேரும். கிழித்து எரித்துவிடுங்கள்.